தீர்ப்புக்கு முன்னே அடித்த மணி

சாகக் கிடக்கிறவளுக்குக் கதை வாசித்துக் காட்டுவது பாவம் என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது? விஜிலாவின் தொண்டையில் அந்த ஒரு கேள்விதான் முள்ளாகச் சிக்கி நின்றது. கேட்டிருப்பாள். கேட்க விட்டால்தானே. மாதா சபைப் பெண்கள் அவளுடைய அக்காள் டெல்பினின் கட்டிலைச் சுற்றி முழங்கால் போட்டு, நன்மரண மன்றாட்டைத் தெரு முனைக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடுவில் சபைத் தலைவி மரியசெல்வி. அவள் தொண்டைக்கு மைக்கே வேண்டாம். இருந்தும் கோயிலில் அவளுக்கு மைக்கைக் கொடுத்துக் கொடுத்துப் பழக்கி வைத்திருக்கிறார்கள்.

திரேஸ்புரம் கடற்கரையிலிருந்து இரண்டு சந்து தள்ளி இருக்கிற வீடு அது. டெல்பினுக்கு வயிற்றில் கட்டி. இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்து நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். புருசன் மனுவேல் தோணியில் மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் சரக்கு ஏற்றிப் போய்வந்த ஆள். அவர் இறந்து வருசக்கணக்கு ஆகிறது. பிள்ளை கிடையாது. இருந்த ஒன்றும் போனதைப் பிறகு சொல்கிறேன். தங்கச்சி விஜிலாதான் தன் வீட்டைப் போட்டுவிட்டு வந்து அக்காளுக்குத் துடைத்துவிட்டு, கஞ்சி ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

டெல்பினுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு கதையின் முடிவு. முப்பத்துச் சொச்சம் வருசமாக அவள் தெரிந்துகொள்ளாமலே விட்ட முடிவு. அது இப்போது அவள் தலைமாட்டில், கைக்கு எட்டுகிற தூரத்தில், கடைசி இரண்டு அத்தியாயமாகக் கிடந்தது. அதைப் படிக்க உட்காருகிற நேரம் பார்த்துத்தான் சபை வந்து சேர்ந்தது.

"கதைப் புத்தகத்த எடுத்து அங்கன வை விஜிலா. ஆத்துமா பிரியப் போற நேரம். காதுல விழ வேண்டியது ஆண்டவர் வார்த்தைதான்," என்றாள் மரியசெல்வி வந்ததும் வராததுமாக. அவளே எடுத்துப் பீரோ மேல் வைத்தும்விட்டாள். யார் வீட்டுப் பீரோ, யார் புத்தகம்? கேள்வி கேட்பாரில்லை.

டெல்பின் யார் என்று தெரிந்தால்தான் இந்தக் கோபத்தின் நியாயம் புரியும்.

அவள் இருபது வயதிலிருந்து இறால் கம்பெனியில் உரிக்கிற வேலை பார்த்தவள். நீளமான தகர மேசை, இரண்டு பக்கமும் பெண்கள், நடுவில் ஐஸ் போட்ட இறால். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகுக் குடலை இழுத்துப் போட வேண்டும். கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துப்போகும். மரத்த பிறகு முள் குத்தினாலும் தெரியாது, சாயங்காலம் வீட்டில் போய்த்தான் வலிக்கும். அந்த மேசையில் டெல்பின் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாள். வாரப் பத்திரிகையில் வருகிற தொடர்கதையை வாசித்துவிட்டு வந்து, உரித்துக்கொண்டே மற்றவர்களுக்குச் சொல்வாள். வெறுமனே இன்னது நடந்தது என்று சொல்லிவிட்டுப் போகிறவள் இல்லை. வக்கீல் பேசினால் வக்கீலாகப் பேசுவாள். அழ வேண்டிய இடத்தில் அழுவாள். சூப்பர்வைசர் முதலில் சத்தம் போட்டுப் பார்த்தான். கதை நடக்கிற அன்றைக்குக் கூடை சீக்கிரம் நிறைகிறது என்று கண்டதும் வாயை மூடிக்கொண்டான். விஜிலாவும் அப்போது அந்த மேசையில்தான் நின்றாள், அக்காளுக்குப் பக்கத்தில்.

அந்த நாளில் வந்த ஒரு தொடர்கதைதான் வைரமணியின் கதை. அப்பா செத்ததும் வைரமணிக்கு எழுதி வைத்த வீட்டை அண்ணன்மார் பிடுங்கிக்கொள்கிறார்கள். அவளுக்குப் புத்தி சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்லி, டாக்டர் சீட்டும் வாங்கி வைக்கிறார்கள். வைரமணி அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. கோர்ட்டுக்குப் போகிறாள். கட்டியிருந்த சேலை கிழியக் கிழிய, வக்கீல் மாற மாற, வருசம் வருசமாக வழக்கு நடத்துகிறாள். டெல்பினுக்கு அவளைப் பிடித்துப்போனது. இறால் மேசையே அவள் கட்சியில் நின்றது. "நாளைக்கு வைரமணிக்கு வாய்தா" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போன பெண்கள் உண்டு. இல்லாத ஒருத்தியின் வழக்குக்குப் பனிமய மாதாவிடம் நேர்ந்துகொண்டவளும் அங்கே ஒருத்தி இருந்தாள்.

தீர்ப்பு வருகிற நேரத்தில் டெல்பினின் மகன் ஷாம் செத்துப்போனான். ஆறு வயது. மூளைக் காய்ச்சல். பள்ளிக்கூடத்திலிருந்து தலை வலிக்குது என்று வந்த பிள்ளை, அந்த வார முடிவில் இல்லை.

துட்டி விசாரிக்க வந்தவர்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தார்களா? ஆண்டவருக்கு இன்னும் ஒரு சம்மனசு, ஒரு தேவதூதன், தேவைப்பட்டது, அதான் எடுத்துக்கிட்டார் என்றார்கள். மரியசெல்வி அப்போது இளம் பெண். அவளும் அதையேதான் சொன்னாள். சுவரில் சாய்ந்து கிடந்த டெல்பின் எழுந்து உட்கார்ந்து கேட்டாள்.

"அவர்கிட்ட இல்லாத சம்மனசா? எங்கிட்ட இருந்தது ஒண்ணே ஒண்ணுதானே."

பிள்ளையைப் பறிகொடுத்தவள் கேட்ட கேள்வி அது. அதற்குப் பதில் தெரியாவிட்டால் தலையைக் குனிந்துகொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. டெல்பினுக்கு விசுவாசம் குறைவு என்று தெருவில் பேசினார்கள்.

அவள் திரும்ப வேலைக்கு வர மாசக்கணக்கானது. தொடர்கதை அதற்குள் முடிந்திருந்தது. மேசையில் ஒருத்திக்கும் முடிவு தெரியாது, ஏனென்றால் அவர்கள் ஒருவரும் பத்திரிகை வாங்கியதில்லை, டெல்பின் வாயால் கேட்டதுதான் கதை. பிள்ளையைப் புதைத்தவளிடம் போய் வைரமணி கேஸ் என்னாச்சு என்று யார் கேட்பது? கேட்கவில்லை. அந்த இதழ்களை வாங்காத அவளுக்கும் சொல்ல ஒன்றுமில்லை. மேசையில் வெறும் இறால் உரிக்கிற சத்தம்தான். பத்திரிகையும் ஒன்றிரண்டு வருசத்தில் நின்றுபோனது.

இடையில் ஒருநாள் டெல்பின், கல்யாணத்துக்குக் கொடுத்த வேதபுத்தகத்தைத் திறந்தாள். ஆறுதலுக்காகத் திறந்தாள் என்று நினைக்க வேண்டாம். அலமாரியைத் துடைக்கும்போது கீழே விழுந்தது, விழுந்த பக்கத்தில் கண் ஓடியது. பிள்ளைகளையெல்லாம் ஒரே நாளில் இழந்துவிட்டு, உடம்பெல்லாம் புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்து கடவுளை வழக்குக்கு இழுக்கிறானே ஒரு மனுசன், அவன் கதையைச் சொல்கிற ஆகமம். துடைக்கிற துணியைப் போட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து முழுக்க வாசித்தாள். உலை வைக்கவில்லை, விளக்கு வைக்கவில்லை.

"ஏளா விஜி, இப்படியும் பேசலாம் போலயே அவர்கிட்ட," என்றாள் மறுநாள். "நான் மனசுக்குள்ள வச்சு ஏசினதெல்லாம் முன்னாடியே ஒருத்தன் ஏசியிருக்கான். அத அவரே புத்தகத்துல போட்டு வச்சிருக்காரு."

அன்றைக்குத்தான் அவள் முகத்தில் மறுபடியும் ஆள் தெரிந்தது என்பது விஜிலாவின் சாட்சி. அவளுக்குக் கிடைத்த ஆறுதல் அவ்வளவுதான். கண்ணைத் துடைத்துவிடுகிற ஆறுதல் இல்லை. தன்னைப் போல நியாயம் கேட்டு வாசலில் நிற்கிற ஆள் இன்னொருத்தர் உண்டு என்று தெரிந்த ஆறுதல். வேதத்தில் அந்த மனுசன், கதையில் வைரமணி. இரண்டு பேரும் வழக்காடுகிறவர்கள். டெல்பினுக்கு வேறு மாதிரி ஆட்களைப் பிடித்ததே இல்லை. சாம்பலில் கிடந்தவனுக்கு ஆறுதல் சொல்ல வந்து, நீ பாவம் செய்திருப்பாய் என்று குத்திக் காட்டுகிற சிநேகிதர்களைப் படிக்கும்போதெல்லாம், "இதுல மரியசெல்வியச் சேக்க விட்டுப்போச்சு," என்று சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் அந்த ஆகமத்தின் கடைசிப் பக்கத்தில் அவளுக்குச் சமாதானமே கிடையாது. கடைசியில் கடவுள் அவனுக்கு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்கிறார். ஆடு, மாடு, ஒட்டகம் எல்லாம் முன்னைப் போல் இரண்டு மடங்கு. பிள்ளைகளும் புதிதாகப் பிறக்கிறார்கள். டெல்பின் பங்குச் சாமியாரிடம் நேராகவே கேட்டாள்: "மாடு செத்தா வேற மாடு வரும் சாமி. பழைய பிள்ளைகள் என்னாச்சுது? அதுக்கு ஏன் ஒரு வரியும் இல்ல?" சாமியார் நல்ல மனுசன், சிரித்துக்கொண்டே நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் போய் வேறு சாமியார் வந்தார்; அவரும் நல்ல கேள்வி என்றார். வந்த சாமியார் அத்தனை பேரும் நல்ல கேள்வி என்றார்கள். பதில் மட்டும் வரவில்லை.

கோயிலில் வாசகம் படிக்கிற முறை அவளுக்கு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஆகமத்திலிருந்தே ஒரு பகுதி வந்தது. டெல்பின் எப்படிப் படிப்பாள்? இறால் மேசையில் சொன்ன மாதிரியே படித்தாள். சண்டை போடுகிற இடத்தில் சண்டை போட்டாள். பின்னால் தூங்கிக்கொண்டிருந்த ஆண்கள் முழித்து உட்கார்ந்தார்கள். பூசை முடிந்ததும் மரியசெல்வி நேரே சாமியார் அறைக்குப் போனாள். வாசகத்தை நாடகம் மாதிரி படிக்கிறாள், பக்திக் குறைவாக இருக்கிறது என்று புகார். அடுத்த மாதத்திலிருந்து டெல்பினின் முறை மரியசெல்விக்குப் போனது. சண்டை வாசகத்தையும் சமாதான வாசகத்தையும் ஒரே தாலாட்டாகப் படிக்கிறவளுக்கு அந்த மைக்கைக் கொடுத்தார்களே, அதை நினைத்தால் விஜிலாவுக்கு இன்றைக்கும் காது சூடாகும்.

இப்போது அந்தக் கதைப் புத்தகம் கிடைத்த விதம். பழைய பேப்பர்க் கடை செல்வதுரை அண்ணாச்சியிடம் விஜிலா சொல்லி வைத்திருந்தாள். அக்காளுக்கு நோவு என்று தெரிந்த நாளிலிருந்து, போகும்போதும் வரும்போதும் கேட்டுக் கேட்டு அவரை ஒரு வழி ஆக்கிவிட்டாள். எட்டயபுரம் பக்கம் ஏதோ ஒரு வீட்டை இடித்தபோது வந்த மூட்டையில் அவர் அதைக் கண்டெடுத்தார். அந்த வீட்டில் யாரோ ஒரு புண்ணியவதி, வாரா வாரம் தொடர்கதைத் தாள்களைக் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, அட்டை போட்டு வைத்திருந்தாள். ஒரு வாரமும் விட்டுப்போகவில்லை.

கொண்டுவந்து காட்டியபோது டெல்பின் அதை முகர்ந்து பார்த்தாள். கடைசிப் பக்கத்தை மட்டும் படிக்கட்டுமா என்று விஜிலா கேட்டதற்கு முறைத்தாள்.

"மொதல்ல இருந்து படி. வழக்கு என்னன்னு தெரியாம தீர்ப்பக் கேட்டு என்னத்துக்கு?"

அப்படித்தான் மத்தியானந்தோறும் கதை ஓடியது. வலி கூடினால் நிறுத்தச் சொல்வாள், குறைந்தால் தொடரச் சொல்வாள். கதை முடிவதற்கு இரண்டே அத்தியாயம் இருக்கும்போதுதான் சாமியார் வந்து, சாகக் கிடக்கிறவர்களுக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். கொடுத்துவிட்டு மரியாதையாக வெளியே போனார். அவர் போனதும் சபை வந்தது. முதல் நாள் வந்து போகும் என்று விஜிலா பொறுத்தாள். அது இரண்டாம் நாளும் வந்தது. மூன்றாம் நாள் வரும்போது பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்தது. கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, ஆள் போகிறவரை எழும்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டது.

"அக்கா, ஒரு அரை மணி நேரம் வெளிய இருங்க. நான் அவளுக்கு ரெண்டு அத்தியாயம் படிச்சுக் காட்டிருதேன்," என்று விஜிலா மரியசெல்வியிடம் கெஞ்சியும் பார்த்தாள்.

"என்ன பேச்சு பேசுத நீ? அந்த அரை மணி நேரத்துல உசுரு போய்ட்டா? சேசு மரி சூசைங்கிற நாமம் காதுல விழாம போனா, அதுக்கு நீ பதில் சொல்லுவியா?"

"அவ இத்தன வருசமா கேக்கதுக்கே யாரும் பதில் சொல்லலியே. நான் எங்க சொல்ல," என்றாள் விஜிலா. அது ஜெபச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

அன்றைக்கு மத்தியானம் வலி மருந்து தீர்ந்துவிட்டது. விஜிலா மருந்துக் கடைக்குப் போனாள். வாங்கிக்கொண்டு திரும்புகிறபோது கோயில் மணி அடித்தது. துக்க மணி. ஆம்பிளைக்கு அடிக்கிறது ஒரு விதம், பொம்பிளைக்கு அடிக்கிறது ஒரு விதம். கடற்கரைப் பிள்ளைகளுக்கு அது சொல்லித்தர வேண்டாம். இது பொம்பிளை மணி. எதிரே வந்த ஆட்டோக்காரர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். விஜிலா ரோட்டோரத்தில் நின்றுவிட்டாள். போகும்போது அக்காள் அவள் கையைப் பிடித்து, "சீக்கிரம் வா," என்று சொன்னது மருந்துக்காக இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

பையில் போன் துடித்தது. பங்குக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் டெல்பினின் போட்டோ. ஆதார் கார்டுக்கு எடுத்தது, முறைத்துக்கொண்டு இருப்பாள். கீழே, இறைவனில் இளைப்பாறினார் என்று எழுதி, பூ வைத்து, மெழுகுவர்த்தி வைத்து, போட்டிருந்தார்கள். அதற்குள் கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன. கூடப் பிறந்தவள் மருந்துப் பொட்டலத்தோடு ரோட்டில் நிற்கிறாள், ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. ரெண்டே ரெண்டு அத்தியாயம். பாவிகள் அதைக் கூடக் கேட்க விடாமல் அனுப்பி வைத்துவிட்டார்களே. விஜிலா ஓடினாள்.

வீட்டுக்குள் மின்விசிறி நின்றிருந்தது. டெல்பினின் கையில் மெழுகுவர்த்தியைச் செருகி, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டத் துணி கிழித்துக்கொண்டிருந்தார்கள். விஜிலா அவர்களைத் தள்ளிவிட்டு அக்காளின் நெஞ்சில் விழுந்தாள்.

"ஏளா, மெதுவா," என்றாள் டெல்பின். "வயிறு வலிக்குது."

துணி கிழித்தவள் அலறிவிட்டாள். இன்னொருத்தி வாசல் வரைக்கும் ஓடித் திரும்பிப் பார்த்தாள். டெல்பின் ஒரு கண்ணை மட்டும் திறந்து தங்கச்சியைப் பார்த்தாள்.

"யாருக்கு மணி அடிச்சாவ?"

"உனக்குத்தான் அக்கா."

"எனக்கா?" கையில் செருகியிருந்த மெழுகுவர்த்தியைப் பார்த்தாள். "கண்ண மூடி, மெல்லமா மூச்சு விட்டு, அசையாம கிடந்தா, தூங்குதான்னு எந்திரிச்சுப் போவாளுவன்னு பாத்தேன். மணி அடிப்பாளுவன்னு நான் கண்டேனா?"

மரியசெல்வி விறைத்து நின்றாள். மெழுகுவர்த்தியை மூக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பது அவர்கள் சபையின் முறை. சுடர் ஆடினால் மூச்சு இருக்கிறது, ஆடாவிட்டால் இல்லை. எத்தனையோ மரணக் கட்டிலில் அப்படித்தான் பார்த்திருக்கிறாள். "நான் பிடிச்சுப் பாத்தேன். சுடர் அசையல," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பாவம் என்று வேறு யாராவது நினைக்கட்டும், விஜிலா நினைக்கவில்லை.

மணி அடித்த கோயில்பிள்ளை பெர்சி, அடக்க நேரம் கேட்க வந்தவர், நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். செத்தவள் தலையணையில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப என்ன செய்ய?" என்றார் பெர்சி. "அடிச்ச மணியத் திருப்பி எடுக்க முடியாதே."

"எடுக்காண்டாம்," என்றாள் டெல்பின். "மணி அடிச்சாச்சு. பூசுதலும் குடுத்தாச்சு. செத்தவளுக்கு நன்மரண ஜெபம் கிடையாதுல்லா? அப்ப இவளுவ வேலை முடிஞ்சுது. விஜி, பீரோ மேல இருக்குல்லா, அத எடு."

விஜிலா எடுத்தாள். எடுக்கும்போது மரியசெல்வியை ஒரு பார்வை பார்த்தாள்; அந்தப் பார்வையைப் பல வருசமாக அவள் சேர்த்து வைத்திருந்தாள்.

ஆனால் மணிச் சத்தம் கேட்டுத் தெருவே வந்துகொண்டிருந்தது. மாலையோடு வந்தார்கள், அழுதுகொண்டு வந்தார்கள். பிரீசர் பெட்டி கொண்டுவந்த வண்டிக்காரர் எங்கே இறக்க என்று கேட்டு வாசலில் நின்றார். விசயம் தெரிந்ததும் ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்தார்கள். துட்டி வீட்டுக்கென்று கிளம்பி வந்தவர்கள் உட்காராமல் திரும்பக் கூடாது. ஆள் சாகவில்லை என்பதற்காக வழக்கத்தை விட முடியுமா? உட்கார்ந்தார்கள். அந்தக் கூட்டத்தில் இறால் மேசைப் பெண்களும் இருந்தார்கள். தலை நரைத்து, விரல் மடங்கி, ஒருத்தி மகளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். விஜிலாவின் கையில் தைத்த தாள்களைப் பார்த்ததும் அவள் கிட்டே வந்தாள்.

"ஏளா, இது வைரமணி கதையா?"

"ஆமா."

"கேஸ் என்னாச்சு?"

"இனிமேதான் தெரியும். உக்காருங்க."

விஜிலா படித்தாள். கோர்ட் நிறைந்திருக்கிறது. அண்ணன்மாரின் வக்கீல் அந்த டாக்டர் சீட்டை நீட்டுகிறார். வைரமணி தானே எழுந்து பேசுகிறாள். அந்த இடத்தில் டெல்பினின் உதடும் கூடவே அசைந்தது. பிரீசர் பெட்டிக்காரர் கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றுகிறார். வீடு வைரமணிக்கே என்று தீர்ப்பு. இறால் மேசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். டெல்பின் அழவில்லை. அவள் முகம் தெளிந்து கிடந்தது.

"இன்னும் ஒரு அத்தியாயம் இருக்குக்கா," என்றாள் விஜிலா.

"படி. வீட்டுக்குள்ள போகணும்லா அவ."

கடைசி அத்தியாயத்தில் வைரமணி சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். வாசலில் அண்ணன் தலையைக் குனிந்து நிற்கிறான், அவன் பிள்ளைகள் தூணைப் பிடித்துக்கொண்டு அழுகின்றன. வைரமணி சாவியை அண்ணன் கையிலேயே கொடுத்துவிடுகிறாள். பெண் பிறவிக்கு மன்னிப்பே சொத்து என்று சொல்லிவிட்டு, ஒரு பையோடு காசிக்கு ரயில் ஏறுகிறாள். முகத்தில் புன்னகை. முற்றும்.

விஜிலா தாளைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் ஒன்றுமில்லை.

"சிரிச்சாளா?" என்றாள் டெல்பின்.

"சிரிச்சான்னு போட்டிருக்கு அக்கா."

"அவ சிரிக்கவும் மாட்டா, போகவும் மாட்டா. எனக்குத் தெரியாதா அவள?" டெல்பின் முழங்கையை ஊன்றி எழும்பப் பார்த்தாள். வாங்கி வந்த மருந்தை இன்னும் சாப்பிடாத உடம்பில் எங்கிருந்து வந்ததோ அந்தப் பலம். "இத்தன வருசம் கோர்ட்டு வாசல்ல நின்னு தேஞ்சவ. எழுதுனவனுக்குக் கை வலிச்சுப் போச்சு, ரயில் ஏத்தி விட்டுட்டான். கேக்க ஆளில்லன்னு."

"கைக்கு வந்ததப் போய்க் குடுப்பாளா கிறுக்கி," என்றாள் இறால் மேசைக்காரி. "நான் மாதாவுக்கு நேந்தேன் இவளுக்காக. மெழுகுவர்த்தி கொளுத்தினேன்."

மரியசெல்விக்கு வாய் சும்மா இருக்குமா? "மன்னிக்கது நல்லதுதானே டெல்பின்? ஆண்டவரே சொல்லியிருக்காரே."

"மன்னிக்கட்டும். வேண்டாம்னு யாரு சொன்னா? வீட்டுக்குள்ள இருந்து மன்னிக்கட்டும். சாவிய இடுப்புல செருகிக்கிட்டு மன்னிக்கட்டும்." மூச்சு வாங்கியது. "விஜி, அந்தக் கடைசித் தாளக் கிழி."

விஜிலா தாளைப் பார்த்தாள். முகம் தெரியாத ஒருத்தி வாரா வாரம் சேர்த்து, நூல் கோர்த்துத் தைத்தது. கிழிக்க மனசு வரவில்லை. அக்காளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தையலை ஒட்டி விரலை வைத்து, கடைசி அத்தியாயத்தை முழுக்கக் கிழித்து எடுத்தாள். அந்தச் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. இறால் மேசைக்காரி அதை வாங்கிக் கசக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வைரமணி இப்போது தன்னுடைய வீட்டிலேயே இருந்தாள்.

டெல்பின் தலையணைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். அங்கேதான் வேதபுத்தகம் இருந்தது. அவள் கை போன திசையைப் பார்த்ததும் மரியசெல்விக்குப் பகீரென்றது. பாய்ந்து வந்து புத்தகத்தை உருவி, இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"டெல்பின், உனக்குப் புண்ணியமாப் போகும். இதுல ஒரு தாளையும் தொட்டுராத. சாகப் போற நேரத்துல இந்தப் பாவம் உனக்கு வேண்டாம்."

டெல்பின் அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இன்னும் இறங்கவில்லை, ஆனால் அது மரியசெல்வி மேல் இல்லை.

"பயப்படாதளா. அத ஏன் நான் கிழிக்கப் போறேன்? இந்தக் கதை எழுதுனவன் எங்கன கிடக்கானோ, தேடிப் போய்க் கேக்க முடியாது, அதான் கிழிச்சேன். அத எழுதுனவரு இருக்க இடம் எனக்குத் தெரியும். இன்னைக்கோ நாளைக்கோ நேர்ல போய் நின்னு கேக்கத்தான் போறேன், என் பழைய பிள்ளை எங்கன்னு."